எரிவதற்கென்றே செய்த ஒயில்: ரோட்டரி விமான எஞ்சினும் பிரிமிக்ஸும்



போன எபிசோடில் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிக் கதைத்தபோது ஒரு வரி சும்மா வந்து போனது: சிலர் மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சினைக் கழற்றி விமானத்தில் பூட்டி, பெற்றோலுக்குள் டூ-ஸ்ட்ரோக் ஒயிலைக் கலந்து பறக்கிறார்கள் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் கூடுதலான கேள்வி. "அது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் இல்லையா அண்ணா, பிறகு ஏன் டூ-ஸ்ட்ரோக் ஒயில்?" என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். "எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்டவர்கள் மறுபக்கம்.

முதல் கேள்வி அருமையான கேள்வி. இரண்டாவதை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கப் போறன். அந்த ஒயில் எஞ்சினுக்குள் எங்கே போகுது, அங்கே என்ன வேலை செய்யுது, வேலை முடிந்ததும் அதுக்கு என்ன நடக்குது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பிராண்ட் கேள்வி தானாகவே சின்னதாகிவிடும். நான் மெக்கானிக் இல்லை, கம்பனி கம்பனியாகப் போய் கோட் எழுதிக் குடுக்கிற ஆள். ஆனால் ஒரு ஸ்பெசிஃபிகேஷனை எடுத்து "இதில் உண்மையிலேயே எதைச் சோதித்திருக்கிறார்கள்?" என்று கேட்கிறது எங்கட அன்றாடத் தொழில்தானே. அந்தக் கண்ணால் இதைப் பார்ப்பம்.

இரண்டு ரோட்டரிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேணும். விமான உலகில் "ரோட்டரி எஞ்சின்" என்று தேடினால் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத இரண்டு இயந்திரங்கள் வரும்.

பழையது முதலாம் உலகப் போர்க் காலத்தது. பிரான்ஸில் சகோதரர்களான செகுவான்கள் உருவாக்கிய நோம் எஞ்சின் 1909இல் பெயர் எடுத்தது. அதில் நடுத்தண்டு அசையாமல் நிற்கும். சிலிண்டர்கள் எல்லாம் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து வட்டமாகச் சுற்றும். ஓம், முழு எஞ்சினும் சுற்றும். சொப்வித் கேமல் போன்ற போர் விமானங்கள் இந்தக் குடும்பத்து எஞ்சின்களில்தான் பறந்தன. நோமில் பெற்றோல் ஆவியும் காற்றும் தண்டின் உள்துளை வழியாக எஞ்சினின் வயிற்றுக்குள் வந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்குப் போகும். அதே வயிற்றுக்குள்தான் உராய்வுக்கான ஒயிலும் இருக்கு. சாதாரண மண்ணெய் வகை ஒயிலை ஊற்றினால் பெற்றோல் அதைக் கரைத்துக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே பெற்றோலில் இலேசில் கரையாத ஒரு ஒயில் தேவைப்பட்டது.

அந்த ஒயில் எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஆமணக்கெண்ணெய். அம்மம்மாமார் பேதிக்குக் குடுத்த அதே சாமான். எஞ்சினுக்குள் ஒருமுறை போனது திரும்பி வராது. வேலை செய்து முடித்து, பாதி எரிந்து, புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். அந்தக் காலத்து விமானிகளின் வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். காஸ்ட்ரோல் என்ற பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான், அதுவும் அதே 1909.

இன்றைக்கு நாங்கள் கதைக்கப் போறது இரண்டாவது ரோட்டரி: ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் பெயரில் உள்ளது, என்எஸ்யூ கம்பனியில் 1957இல் முதன்முதலாக ஓடியது. மாஸ்டா 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் போட்டு, பிறகு ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 என்று தொடர்ந்தது. விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது 13பி என்ற எஞ்சின்: இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308.

பழைய ரோட்டரியை ஏன் இவ்வளவு இழுத்தேன் என்றால், இரண்டுக்கும் ஒயில் தேர்வு நேர் எதிர். அங்கே பெற்றோலோடு சேராத ஒயில்தான் நல்ல ஒயில். வாங்கலின் பிரிமிக்ஸில் பெற்றோலோடு சேராத ஒயில் ஆபத்தான ஒயில். ஆமணக்கெண்ணெய் மெதனோலில் நன்றாகக் கரையும், அதனால் மாதிரி விமானங்களின் குட்டி எஞ்சின்களில் இன்றும் அது ஓடுது. பெற்றோலில், அதுவும் குளிரில், அது பிரிந்து தாங்கியின் அடியில் படுத்துவிடும். "பழைய ரோட்டரி விமானங்கள் காஸ்டரில்தானே ஓடின, இதுக்கும் ஊத்தலாம்" என்று யாராவது சொன்னால், எந்த ரோட்டரி என்று திருப்பிக் கேளுங்கோ.

ஏன் வாங்கலுக்கு ஒயிலை எரிக்க வேண்டியிருக்கு

சாதாரண பிஸ்டன் எஞ்சினை நினைத்துப் பாருங்கோ. பிஸ்டனுக்கு மேலே நெருப்பு, கீழே ஒயில். கீழே இருந்து ஒயில் சிலிண்டர்ச் சுவரில் தெறிக்கும். பிஸ்டன் இறங்கும்போது வளையம் ஒன்று அதை வழித்து எடுத்து, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவிடும். அந்தச் சுவருக்கு ஒயிலும் நெருப்பும் மாறி மாறிக் கிடைக்கும்.

வாங்கலில் இந்த "கீழே" என்ற இடமே இல்லை. நீள்வட்டத்தை நடுவில் இலேசாக நெரித்தது போன்ற ஒரு அறை. அதற்குள் மூன்று மூலை உள்ள ரோட்டர் உருண்டு சுற்றும். மூன்று மூலைகளிலும் நீளமான மெல்லிய உலோகத் துண்டுகள் செருகியிருக்கும். அவைதான் ஏபெக்ஸ் சீல்கள். ரோட்டரின் மூன்று பக்கங்களிலும் இழுத்தல், அமுக்கல், எரித்தல், தள்ளல் என்ற நாலு வேலையும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஆகவே இது ஃபோர்-ஸ்ட்ரோக் சுழற்சிதான். கேட்டவர்கள் சொன்னது சரி. ஆனால் அறையின் உட்சுவர் முழுவதும் எப்போதும் எரிவாயுப் பக்கம்தான். ஏபெக்ஸ் சீல் அந்தச் சுவரை விட்டு ஒருபோதும் விலகாமல் உரசிக்கொண்டே ஓடுது. எஞ்சின் ஒயில் ரோட்டரின் உட்புறத்தில் பாய்ந்து அதைக் குளிர்விக்கும், பேரிங்குகளைப் பார்க்கும். எரி அறைக்குள் அது வராமல் தடுக்கத் தனி வளையங்கள் இருக்கு.

அப்ப சீலுக்கு யார் ஒயில் குடுக்கிறது? வெளியிலிருந்து யாராவது கொண்டுபோய்த்தான் குடுக்க வேணும். கொண்டுபோனது திரும்பி வராது, எரியும். இந்த விஷயத்தில் மட்டும் வாங்கல் ஒரு டூ-ஸ்ட்ரோக் மாதிரி.

அந்த உரசல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு பழைய கதை. 1960களில் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் மாஸ்டா பொறியியலாளர்கள் முதல் எஞ்சின்களை ஓட்டிப் பார்த்தபோது, அறையின் சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. சீல் அதிர்ந்து துள்ளியதால் வந்த தழும்பு. "பேயின் நகக்கீறல்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கார்பனும் அலுமினியமும் சேர்த்துச் செய்த சீலைப் போட்ட பிறகுதான் கொஸ்மோ விற்பனைக்கு வந்தது. அந்தக் கீறல் ஒயிலால் வந்தது இல்லை. ஆனால் இந்த எஞ்சினின் முழு வாழ்வும் மூன்று மூலைக் கோட்டில்தான் தங்கியிருக்கு என்று அது காட்டுது.

மாஸ்டா கார்களில் ஒயில் அளக்கும் பம்ப் ஒன்று இருக்கு. அது கீழ்த் தொட்டியிலிருக்கும் சாதாரண எஞ்சின் ஒயிலிலிருந்தே சொட்டுச் சொட்டாக எடுத்து உள்ளே விடும். அதனால்தான் ஆர்எக்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் ஒயில் குச்சியை அடிக்கடி இழுத்துப் பார்ப்பார்கள். கார் "ஒயில் குடிக்குது" என்று வாங்கியவர் பயப்படுவார். அது பழுது இல்லை, அதன் வடிவமைப்பே அப்படி.

சாம்பல் கணக்கு

கார் ஒயில் எரிவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் வாழ்ந்து, அழுக்கைத் தாங்கி, அமிலத்தைச் சமாளிக்கச் செய்யப்பட்டது. அதற்காகக் கல்சியம், துத்தநாகம் போன்ற உலோகச் சேர்க்கைகள் போடுவார்கள். இவை எரிந்தால் காற்றாகப் போகாது, சாம்பலாக மிஞ்சும். சாதாரண கார் ஒயிலில் எரித்தால் மிஞ்சும் சல்ஃபேற் சாம்பல் ஏறக்குறைய 1 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அது ஸ்பார்க் பிளக்கிலும், ரோட்டரின் முகத்திலும், சீல் உட்கார்ந்திருக்கும் தவாளிப்பிலும் படியும். பிளக்கில் படிந்தால் மிஸ்ஃபயர். ரோட்டர் முகத்தில் படிந்து தணலாகச் சிவந்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். தவாளிப்பில் படிந்தால் சீல் இறுகும். உள்ளே இருக்கும் வில் அதை வெளியே தள்ள ஏலாமல் போகும், அமுக்கம் கசியும்.

நியாயமாகச் சொன்னால், லட்சக்கணக்கான மாஸ்டா கார்கள் தொட்டி ஒயிலை எரித்தே ஓடியிருக்கு. அதனால் கார் ஒயில் உள்ளே போனால் எஞ்சின் உடனே செத்துவிடும் என்று பயங்காட்ட நான் வரவில்லை. ஆனால் கார் பெரும்பாலான நேரம் தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் பாவிக்கும். விமானம் ஏறும்போது முழுப் பலம். ஏறி முடிந்த பிறகும் மணிக்கணக்காக உயர்ந்த பலத்தில் ஒரே சீராக ஓடும். படிவுக்கு அது வேறு உலகம்.

இதை விமானத் துறை வெகுகாலமாகவே அறிந்திருக்கு. செஸ்னா போன்ற சாதாரண பிஸ்டன் விமானங்களுக்கு ஊற்றும் ஒயிலை எடுத்துப் பாருங்கோ, "சாம்பல் அற்றது" என்ற சொல் பேணியிலேயே இருக்கும். அந்த எஞ்சின்களும் ஒயிலைக் கொஞ்சம் எரிக்கும், எரிந்த சாம்பல் முன்கூட்டிய பற்றலை உண்டாக்கும் என்பதுதான் காரணம். அப்ப அந்த விமான ஒயிலையே பெற்றோலில் கலக்கலாமே என்று கேட்பீர்கள். அது தடித்தது, பெற்றோலில் கலந்து ஒரே சீராகப் போவதற்காகச் செய்யப்பட்டது இல்லை.

டூ-ஸ்ட்ரோக் ஒயில் இந்த இரண்டு வேலைக்கும் பொருந்தும்: பெற்றோலில் கலக்கும், எரிந்தால் குறைவாக மிச்சம் விடும். அதில் நிறைய வகைகளில் கலப்பதை இலகுவாக்கக் கரைப்பானும் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள்.

பேணியின் பின்பக்கம்

இனித் தேர்வு. பேணியைத் திருப்பிப் பாருங்கோ. மூன்று நாலு எழுத்துக் குறிகள் இருக்கும், அவற்றை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

டிசி-டபிள்யூ3 என்பது அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ குடுக்கும் தரம். படகின் பின்னால் பூட்டும் எஞ்சின்களுக்கானது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிரும் எஞ்சின்கள் அவை. இந்த வகை ஒயிலில் உலோகச் சுத்திகரிப்பான் கிடையாது, சாம்பல் இல்லாத சேர்க்கைகள்தான். கனடாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

ஏபிஐ டிசி என்பது காற்றில் குளிரும், சூடாக ஓடும் எஞ்சின்களுக்கான பழைய அமெரிக்கத் தரம். பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். அல்ட்ராலைட் விமானங்களில் இருக்கும் ரோட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கையேடு இந்த ஏபிஐ டிசியைத்தான் கேட்கும். உயர் சூட்டில் கரி பிடிக்காமல் இருக்க இதில் கொஞ்சம் உலோகச் சுத்திகரிப்பான் சேர்ப்பார்கள், ஆகவே கொஞ்சம் சாம்பலும் உண்டு.

ஜாசோ என்பது ஜப்பானியத் தரம். எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஏறிக்கொண்டு போகும். எஃப்சி புகை குறைந்தது. எஃப்டி அதே குறைந்த புகையோடு இன்னும் கூடுதலாகச் சுத்தம் செய்யும். சாம்பலுக்கு உச்சவரம்பு 0.25 சதவீதம், அதாவது கார் ஒயிலின் நாலில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ-ஈஜிடி என்று எழுதியிருந்தால் அது எஃப்டிக்கு நெருங்கிய உறவு, சுத்தத்தில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு.

இப்ப எங்கட தொழிற்கண்ணுக்கு வருவம். இந்தத் தரங்களில் ஒன்றுகூட வாங்கல் எஞ்சினில் சோதிக்கப்பட்டது இல்லை. ஜாசோ சோதனை நடப்பது சின்ன ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில். டிசி-டபிள்யூ3 சோதனை முக்கியமாகப் படகு எஞ்சின்களில். நீங்கள் எழுதிய புரோகிராமுக்கு வேறு யாருடையதோ புரோகிராமின் டெஸ்ட் எல்லாம் பாஸ் என்று சொன்னால் எவ்வளவு நம்புவீர்கள்? கொஞ்சம் நம்பலாம், இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்கிற இடத்தில் மட்டும். ஆகவே "எஃப்டி போட்டேன், பாதுகாப்பு" என்றும் சொல்ல ஏலாது, "டிசி-டபிள்யூ3 படகுக்கானது, விமானத்துக்குப் பிழை" என்றும் சொல்ல ஏலாது.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கு. 13பியின் அறைச் சுவர் தண்ணீரில் குளிருது, அந்த அளவில் அது படகு எஞ்சினுக்கு உறவு. சாம்பலே இல்லாத ஒயில் பிளக்குக்கும் நல்லது. மறுபக்கம், ரோட்டர் குளிர்வது ஒயிலில், வெளியேற்றும் பக்கம் கடும் சூடு, விமானம் நீண்ட நேரம் உயர்ந்த பலத்தில் ஓடுது. அந்தச் சூட்டில் சாம்பல் இல்லாத சேர்க்கைகள் களைத்துப்போய்க் கரி விடக்கூடும் என்பது எஃப்டிக்காரர்களின் வாதம். டிசி-டபிள்யூ3 கலந்து வருடக்கணக்காகப் பறக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், காசு பெரிய பிரச்சினை இல்லாத இடத்தில் எஃப்டி அல்லது ஈஜிடி என்று அச்சடித்த முழுச் செயற்கை ஒயிலை எடுப்பேன். அது கிடைக்காத ஊரில் என்எம்எம்ஏ பதிவு இலக்கம் போட்ட டிசி-டபிள்யூ3ஐ மனக்கஷ்டம் இல்லாமல் வாங்குவேன். எதை எடுத்தாலும் ஒன்றிலேயே நின்று, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்க்க வேணும். உங்கட எஞ்சினில் நடக்கும் ஒரே உண்மையான சோதனை அதுதான்.

தவிர்க்க வேண்டியவை சில. எந்தத் தரக்குறியும் இல்லாமல் "எல்லா எஞ்சினுக்கும்" என்று மட்டும் எழுதிய மலிவுப் பேணி வேண்டாம். காஸ்டர் கலந்த ரேஸ் ஒயில் வேண்டாம். அது ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரிக்கிற ஆட்களுக்கு. கடைத் தட்டில் பக்கத்திலேயே மரம் வெட்டும் வாளின் சங்கிலிக்குப் பூசும் ஒயிலும் இருக்கும். படம் ஒரே வாள்தான், சாமான் வேறு.

இதெல்லாம் நீங்களே கட்டிய, "அமெச்சூர் கட்டுமானம்" என்று பதிந்த விமானத்துக்கு. உற்பத்தியாளர் ஒயில் பட்டியல் குடுத்திருக்கும் எஞ்சின் என்றால், உதாரணத்துக்கு ஷ்லைகர் ஏஎஸ்எச் 26 ஈ கிளைடரில் வரும் ஒற்றை ரோட்டர் வாங்கல், அங்கே கையேடு சொல்வதுதான் சட்டம். என் கருத்துக்கு அங்கே வேலை இல்லை.

எவ்வளவு

ரோட்டாக்ஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஒயில். அங்கே பேரிங் உட்பட எல்லாவற்றுக்கும் அந்த ஒயில்தான். வாங்கலில் பேரிங்குகளுக்குத் தனி ஒயில் அழுத்தத்தோடு வருது, பிரிமிக்ஸ் சீல்களை மட்டும் பார்த்தால் போதும். அதனால் பம்பை அகற்றிவிட்டுக் கலக்கிறவர்கள் பரவலாகப் பாவிப்பது ஒரு அமெரிக்கக் கலனுக்கு 1 அவுன்ஸ். அமெரிக்கக் கலனில் 128 அவுன்ஸ், ஆகவே 128க்கு 1. பார்த்ததும் எங்கட ஆட்களுக்குப் பிடிக்கும் எண். ஆனால் கவனம்: பழைய இம்பீரியல் கலனில் 160 அவுன்ஸ். யாராவது "கலனுக்கு ஒரு அவுன்ஸ்" என்றால் எந்தக் கலன் என்று கேளுங்கோ.

பறக்கிறவர்கள் சிலர் 100க்கு 1 என்று கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். மனக்கணக்குக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும்: லீற்றருக்கு 10 மில்லிலீற்றர். மணிக்கு 30 லீற்றர் குடிக்கும் எஞ்சின் என்றால் மணிக்கு 300 மில்லிலீற்றர் ஒயில் எரியும். "கூடப் போட்டால் கூடப் பாதுகாப்பு" என்று மட்டும் நினைக்க வேண்டாம். கூடினால் கரி, கரி கூடினால் சீல் இறுகும், பிளக் அழுக்காகும். தடுக்க வந்த அதே பழுதை வேறு வழியால் கொண்டு வருவீர்கள்.

விமானத்தில் மட்டும் வரும் சிக்கல்

இதுவரை சொன்னது ஆர்எக்ஸ்-7 கார்க்காரருக்கும் பொருந்தும். இனி வருவது பறக்கிறவருக்கு மட்டும், என் கண்ணில் ஒயில் பிராண்டை விட நூறு மடங்கு முக்கியம்.

பறக்க முதல் விமானி தாங்கியின் அடியிலிருந்து சின்னக் குவளையில் எரிபொருள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் இருக்கா, குப்பை இருக்கா, நிறம் சரியா? 100எல்எல் என்ற விமானப் பெற்றோல் நீலம். ஜெட் எரிபொருள் நிறமில்லாததும் இலேசான வைக்கோல் நிறமும். தவறுதலாக ஜெட் எரிபொருள் கலந்துவிட்டதா என்று பார்க்க இன்னொரு பழைய முறையும் இருக்கு: வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விடுவது. பெற்றோல் முழுவதும் ஆவியாகித் தடயம் இல்லாமல் போகும். ஜெட் எரிபொருள் எண்ணெய் வட்டமாக நிற்கும். ஜெட் எரிபொருள் அடிப்படையில் மண்ணெண்ணெய்தானே. (90களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடையின்போது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய அப்பாமார் உங்களில் கனபேருக்கு இருப்பார்கள். அந்தக் கறை எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேளுங்கோ.)

இப்ப யோசியுங்கோ. தாங்கியில் பிரிமிக்ஸ் இருந்தால் அந்தச் சொட்டு என்ன செய்யும்? எப்போதும் எண்ணெய் வட்டம்தான் விடும். டூ-ஸ்ட்ரோக் ஒயிலில் போட்டிருக்கும் சாயம் நிறத்தையும் மாற்றிவிடும். நீலப் பெற்றோலில் நீலச் சாயம் போட்ட ஒயிலை ஊற்றினால், ஜெட் எரிபொருள் கலந்து வெளிறிப்போன நீலத்தை அந்தச் சாயம் மறைத்துவிடும். சீலைக் காப்பாற்றப் போட்ட ஒயில், உங்கட உயிரைக் காப்பாற்ற இருந்த இரண்டு சோதனைகளைக் குழப்பிவிட்டது. ஒரு மொட்யூலைத் திருத்தப் போய் வேறொரு இடத்தில் மொனிட்டரிங் நின்று போன கதைதான், எங்கட வேலையில் தெரியாததா?

சமாளிக்க வழி இருக்கு. நிரப்பும் இடத்தில் நீங்களே நின்று, பம்பில் எழுதியிருப்பதை வாசித்து, உங்கட கையாலேயே நிரப்புவது முதலாவது. பம்பிலிருந்து வரும் எரிபொருளைத் தாங்கிக்குப் போக முதல் தனியாகக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் ஒயில் தேர்வோடு சேர்ந்தது: நீங்கள் பாவிக்கும் எரிபொருளின் நிறத்தோடு மோதாத சாயம் உள்ள ஒயிலை எடுங்கோ. நிறமில்லாத கார்ப் பெற்றோலில் பறக்கிறவருக்குச் சாயம் உதவியாகவும் இருக்கும். குவளையில் நிறம் தெரிந்தால் ஒயில் கலந்தாயிற்று, தெரியாவிட்டால் யாரோ மறந்துவிட்டார்கள்.

மறதி என்று சொன்னேன் அல்லவா, அதுதான் பிரிமிக்ஸின் மிகப் பலவீனமான இடம். ஓஷாவாவிலிருந்து கிளம்பி கிங்ஸ்ரனில் இறங்குகிறீர்கள் என்று வைப்பம். 70 லீற்றர்த் தாங்கியில் 25 லீற்றர் மிச்சம், 100க்கு 1 கலவை, அதாவது 250 மில்லிலீற்றர் ஒயில் உள்ளே இருக்கு. நீங்கள் கழிப்பறைக்குப் போன நேரத்தில் உதவிக்கு வந்தவர் 45 லீற்றர் நிரப்பிவிட்டார், ஒயில் இல்லாமல். இப்ப 70 லீற்றருக்கு 250, ஏறக்குறைய 280க்கு 1. எஞ்சின் வடிவாக ஸ்டார்ட் ஆகும். வடிவாக ஓடும். எந்த மணியும் அடிக்காது, எந்த விளக்கும் எரியாது. ஒருமுறை நடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழக்கமாகிவிட்டால் சுவர் தேயும், அமுக்கம் குறையும், ஒரு சூடான நாளில் ஏறும்போது எஞ்சின் தரவேண்டிய பலத்தைத் தராது.

வாங்கலை நம்புகிறவர்கள் சொல்லும் ஒரு நல்ல குணம், அது கெட்டுப்போகும்போதும் பல சமயம் பலம் குறைந்து தொடர்ந்து ஓடும், பிஸ்டன் மாதிரித் தண்டை உடைத்துக்கொண்டு நிற்காது என்பது. உண்மைதான். ஆனால் அதே குணத்தால்தான் தேய்மானம் சத்தமில்லாமல் நடக்குது.

அதனால்தான் சிலர் பிரிமிக்ஸை விட்டுவிட்டு, மாஸ்டாவின் பம்பை வைத்துக்கொண்டு, அது கீழ்த் தொட்டியிலிருந்து எடுக்காமல் தனி டூ-ஸ்ட்ரோக் ஒயில் தாங்கியிலிருந்து எடுக்கிற மாதிரி மாற்றுகிறார்கள். எரிபொருள் சுத்தமாக இருக்கும், கடதாசிச் சோதனை வேலை செய்யும், எந்த விமான நிலையத்திலும் யார் நிரப்பினாலும் சரி. விலை என்ன? ஒரு பம்ப், ஒரு குழாய், ஒரு தாங்கி. மூன்றும் கெட்டுப்போகலாம், தாங்கி காலியாகலாம், அதையும் நீங்கள் கவனிக்க வேணும். பிரிமிக்ஸில் உடைவதற்கு ஒரு பாகமும் இல்லை: எரிபொருள் வந்தால் ஒயிலும் வரும். எஞ்சினுக்குப் புதிய கணினிப் பெட்டி போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிந்திய மாஸ்டா பம்புகள் மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படுபவை, பழைய பெட்டியைக் கழற்றினால் அவற்றுக்குக் கட்டளை குடுக்க ஆள் இல்லை. கனபேர் பிரிமிக்ஸுக்கு வருவது இதனால்தான்.

தனியாகப் பறந்து, தானே நிரப்புகிற ஒருவருக்கு நான் பிரிமிக்ஸைத்தான் சொல்வேன். ஒரே விமானத்தை மூன்று நாலு பேர் பங்கு போட்டுப் பறக்கிறார்கள் என்றால் தனித் தாங்கி. ஒருவர் மறக்கிறதை மற்றவர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

குளிர், ஈயம், எதனோல்

குளிரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டூ-ஸ்ட்ரோக் ஒயில்களுக்குக் குளிரில் ஓடும், கலக்கும் திறனுக்கென்று நாலு படி இருக்கு. கடைசிப் படி மைனஸ் 40 பாகை வரை. ஒன்ராறியோவில் குளிர்காலத்திலும் பறக்கிறவர் இதைத் தரவுத்தாளில் தேட வேணும். தடித்த ரேஸ் ஒயிலைக் குளிர்ந்த தாங்கியில் ஊற்றினால் அது அடிக்குப் போய்ப் படுக்கும், முதலில் எஞ்சினுக்குப் போவது கிட்டத்தட்ட வெறும் ஒயில். ஒயிலை முதலில் ஊற்றி, அதன்மேல் பெற்றோலை அடித்தால் அந்த வேகத்திலேயே கலந்துவிடும். இன்னும் நல்லது, சின்னக் கானில் கொஞ்சம் பெற்றோலோடு முன்கூட்டிக் கலக்கிக்கொள்வது.

100எல்எல்லில் ஈயம் இருக்கு, லீற்றருக்கு 0.56 கிராம் வரை. வாங்கல் அதைத் தாங்கும். எக்ஸோஸ்டில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் தாங்காது. பிளக்கில் ஈயமும் படியும் என்பதால் அங்கே சாம்பல் குறைந்த ஒயிலுக்கு இன்னும் ஒரு காரணம். கார்ப் பெற்றோல் என்றால் எதனோலைப் பாருங்கோ. அது தண்ணீரை இழுத்துப் பிடித்து, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்துவிடும். சில விமானத் தாங்கிகளின் பூச்சையும் அரிக்கும். இது ஒயிலால் தீராத பிரச்சினை, எதனோல் இல்லாத பெற்றோல்தான் மருந்து.

கட்டத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை. 100 மில்லிலீற்றர்ப் போத்தல்கள் ஆறு வாங்கி, ஒயிலை நிரப்பி, ஒவ்வொன்றிலும் "10 லீற்றருக்கு" என்று எழுதி விமானத்தின் பைப் பெட்டியில் வையுங்கோ. நிரப்பு மூடியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் "ஒயில் கலக்காமல் நிரப்ப வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் ஒட்டுங்கோ, நிரப்ப வருகிறவருக்குத் தமிழ் தெரியாது. காலிப் போத்தலை எறியாமல் திரும்ப அதே பெட்டியில் போடுங்கோ. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால் எத்தனை லீற்றருக்கு ஒயில் போயிருக்கு என்று தெரியும், பெற்றோல் ரசீதோடு ஒத்துப் பார்க்கலாம்.

அடுத்த எபிசோடில் 13பியின் தண்ணீர்க் குளிரூட்டியை விமான மூக்குக்குள் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கதைப்பம். கேள்விகளை வழமைபோல அனுப்புங்கோ.